ஜுபைலில் ஒரு வெள்ளிக்கிழமை

தம்பிக்குப் பரிஸ் மாநகரைச் சுற்றிக் காட்டுவதற்கென்று நாம் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தோம். முதல் நாள் ஐஃபில் கோபுரம். இறங்கி வந்ததும் வீதியோரத்தில் சுடச்சுட வார்த்துத் தரும் கிரேப். இரண்டாம் நாள் செய்ன் நதியில் படகுப் பயணம். மூன்றாம் நாள் லா சப்பல்: மாணிக்க விநாயகர் ஆலயத்தில் ஓர் அர்ச்சனை, அதன்பின் எம்மவர் கடையொன்றில் கொத்துரொட்டி. ஐரோப்பாவுக்கு வரும் உறவினர்க்கு எம்மவர் வழமையாகக் காட்டும் காட்சிகள்தான் இவை. அந்தப் பட்டியல் இன்றும் எமது மேசை லாச்சிக்குள் கிடக்கின்றது. தம்பி வரவில்லை.

சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையிலுள்ள ஜுபைல் நகரில், ஆலைகளுக்குச் சாரம் கட்டும் தொழிலாளியாக 2006ஆம் ஆண்டு தொடக்கம் அவன் வேலை செய்து வருகின்றான். அவனுக்காக இரு தடவைகள் விசா விண்ணப்பம் செய்தோம். இரு தடவைகளும் மறுக்கப்பட்டது. விசாக் காலம் முடிந்ததும் விண்ணப்பதாரர் திரும்பிச் செல்வார் என்பதில் நம்பிக்கை ஏற்படவில்லை என்பதே கடிதத்தில் காணப்பட்ட காரணம். இரண்டாண்டுக்கு ஒரு தடவை ஊருக்குப் போவதும், விடுமுறை முடிந்ததும் தவறாது திரும்பி வருவதுமாகவே தன் வாழ்நாளைக் கழித்த ஒருவனைப் பற்றித்தான் அப்படி எழுதப்பட்டிருந்தது.

நாம் நாட்டைவிட்டுப் புறப்பட்டது 1990ஆம் ஆண்டில். அப்போது தம்பிக்கு ஒன்பது வயது. அகதி அந்தஸ்துக் கிடைத்தபோது எமக்குத் தரப்பட்ட பயண ஆவணம் இலங்கை தவிர்ந்த ஏனைய நாடுகளுக்குச் செல்லத்தக்கது என்பதை, அதே ஆவணத்தை வைத்திருக்கும் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. பின்னர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றோம். ஆயினும் கட்டுநாயக்கா வழியாக உள்ளே செல்லும் துணிவு எமக்கு இதுவரை வரவில்லை. அதற்கான காரணங்களையும் வாசகர்கள் அறிவர்.

இரண்டாவது மறுப்புக் கடிதம் வந்த இரவு தம்பி தொலைபேசியில் சொன்னான்: "அண்ணை, என்னை அங்க விடமாட்டாங்கள். உங்களை இங்க விடுவாங்கள்தானே? நீங்கள் வாங்கோ. நான் சுத்திக் காட்டுறன்."

ஜுபைலில் சுற்றிப் பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது என்று எமது மகள் கேட்டாள். எமக்கும் தெரிந்திருக்கவில்லை. கடந்த ஜனவரி மாதம் துணைவியாரும் மகளும் நாமுமாகப் புறப்பட்டோம்.

பழைய துறைமுகமும் புதிய ஆலைகளும்

தம்மாம் விமான நிலையத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாகனத்தில் சென்றால் ஜுபைல் வரும். விமான நிலைய வாசலில் முப்பத்தைந்து வருடங்களுக்குப் பின் தம்பியைக் கண்டபோது நடந்தவற்றை எழுத நாம் விரும்பவில்லை. வாகனத்தில் ஏறி வெகுநேரம் வரை எவரும் பேசவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் ஜுபைல், மீன்பிடிப்போரும் முத்துக் குளிப்போரும் வாழ்ந்த சிறு துறைமுகம். 1933 செப்டெம்பர் 23ஆம் நாள், எண்ணெய் தேடிவந்த அமெரிக்க நிலவியலாளர்கள் பஹ்ரெய்னிலிருந்து படகில் வந்து கரையிறங்கிய இடம் இதுவே. ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1938இல் அதே கரையோரத்தில் எண்ணெய் பெருமளவில் கண்டெடுக்கப்பட்டது. 1975இல் ஜுபைலையும் செங்கடற் கரையிலுள்ள யன்புவையும் கைத்தொழில் நகரங்களாக்கவென ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதன்பின் மணற்பரப்பு ஆலைகளாயிற்று. கடல் நீரைக் கால்வாய்கள் வழியே உள்ளே கொணர்ந்து ஆலைகளைக் குளிர்விக்கின்றனர். கடல் நீரை நன்னீராக்கி, பாலைவனத்தைக் கடந்து நானூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள தலைநகர் ரியாத்துக்குக் குழாய்வழியே அனுப்புகின்றனர்.

1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது இத்துறைமுகம் அமெரிக்கப் படைகளின் முக்கிய இறங்குதுறையாக இருந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையொன்று துறைமுகத்தை அண்டிய கடலில் வீழ்ந்தது. குவைத் கரையிலிருந்து பரவிவந்த எண்ணெய்ப் படலம் நகருக்குச் சற்று வடக்கேயுள்ள அபூ அலித் தீவு வரை வந்து தேங்கி நின்றது. போரிலிருந்து தப்பிப் பிழைப்புத் தேடி வளைகுடா சென்ற எம்மவர் பலரை அங்கும் ஒரு போர் தேடி வந்த காலம் அது.

நகரின் வயது இதைவிடவும் பெரியது. கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் கிறிஸ்தவத் தேவாலயமொன்றின் இடிபாடுகள் 1986இல் இங்கு மணலுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. ஆயினும் அவ்விடம் வேலியிடப்பட்டுள்ளது, பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை.

காலை: தமீஸும் ஃபூலும்

வெள்ளிக்கிழமை ஒன்றுதான் தம்பிக்கு ஓய்வு நாள். அரசாங்க வார விடுமுறை 2013ஆம் ஆண்டு முதல் வெள்ளியும் சனியுமாக இருந்தபோதிலும், ஒப்பந்தத் தொழிலாளர் பலருக்கு வெள்ளி மட்டுமே கிடைக்கின்றது. ஏனைய நாட்களில் காலை நான்கு மணிக்கு எழும்பிப் பழகிய அவன், அன்றும் விடிவதற்கு முன்பே எமது விடுதி வாசலில் வந்து நின்றான்.

பழைய நகரத்தை இங்குள்ளோர் பலத் என்று அழைக்கின்றனர். அதன் ஒடுங்கிய தெருவொன்றில் ஆப்கானியர் ரொட்டிக் கடை இருந்தது. நிலத்தில் பதித்த களிமண் அடுப்பினுள், மாவை நீள்வட்டமாகத் தட்டி உட்சுவரில் ஒட்டுகின்றார்கள். சில நிமிடங்களில் இரும்புக் கொளுக்கியால் அதைக் கொழுவி எடுத்துக் கடதாசியில் சுற்றித் தருகின்றார்கள். அதுதான் தமீஸ். ஒருவர் தனியே உண்டு முடிக்க முடியாத அளவுக்குப் பெரியது. விலையோ ஒன்றிரண்டு ரியால்தான். அதனுடன் ஃபூல் எனப்படும் அவரைப் பருப்பு மசியல். பெரிய வாய்குறுகிய பானையில் இரவு முழுவதும் வெந்த அப்பருப்பை நீண்ட அகப்பையால் அள்ளி, மசித்து, எண்ணெயும் சீரகத் தூளும் தக்காளியும் சேர்த்துத் தருகின்றனர்.

கடைக்கு முன்னாலிருந்த சீமெந்துக் கட்டில் நால்வரும் அமர்ந்து ஒரே ரொட்டியைப் பிய்த்து உண்டோம். துணைவியார் தம் வழமைப்படி, ஃபூலுக்கு ஒரு பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். தம்பி சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து கடதாசிப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். உள்ளே பச்சை மிளகாய் இருந்தது.

"பதினெட்டு வருசமாய் நான் இதை விட்டிட்டுச் சாப்பிட்டதில்லை, அண்ணி" என்றான்.

மீன் சந்தையில் எமது மீன்கள்

அடுத்ததாக அவன் அழைத்துச் சென்றது மீன் சந்தைக்கு. விடுமுறைக்கு வந்தவரை மீன் சந்தைக்குக் கூட்டிச் செல்வதா என்று மகள் முதலில் தயங்கினாள். உள்ளே போனதும் தயக்கம் எமக்குத்தான் வந்தது. வெளியே வர மனம் வரவில்லை.

இங்கே கனஅத் என்று கூவி விற்பது எமது அறுக்குளா. தமிழகத்தார் வஞ்சிரம் என்பர். ஹமூர் என்பது களவாய். சாஃபி எனப்படுவது, முள்ளுக் குத்தினால் கடுக்குமே, அந்த ஒரா மீன். நீலக்கால் நண்டுகள் கூடைகளில் அசைந்துகொண்டிருந்தன. ஓகஸ்ட் தொடக்கம் ஜனவரி முடியும் வரை இறால் பருவம் என்பதால் ருபியான் என்னும் இறாலும் குவிந்து கிடந்தது. பெயர் மட்டுமே வேறு. பண்ணைக் கடலிலும் பாசையூரிலும் கண்ட அதே முகங்கள் பனிக்கட்டியின் மேல் வரிசையாகப் படுத்திருந்தன. வாங்கிய மீனை அருகிலுள்ள கடையில் கொடுத்தால் அவர்களே சுத்தஞ்செய்து பொரித்துத் தருகின்றார்கள். நாம் ஓர் அறுக்குளாவை அவ்வாறு கொடுத்தோம்.

மீன் பொரியும் வரை தம்பியின் கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இந்தக் கடலுக்கும் எமது கடலுக்கும் ஏதும் தொடர்பு இருந்ததா என்று அவன் கேட்டான். இருந்தது. மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், இந்தக் குடாவிலிருந்து அரபுக் குளிப்போர் அங்கு வந்து, பருவம் முடிந்ததும் திரும்பிச் செல்வது வழமை. 1906ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பின்போது, யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றிய ஆங்கில எழுத்தாளர் லெனாட் வூல்ஃப் அங்கு கடமையில் இருந்தார். அரபு நாட்டவரும் தமிழரும் அங்கே ஒரே கரையில் தங்கி, ஒரே கடலில் மூழ்கியதை அவர் தமது வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார். 1930ஆம் ஆண்டளவில் ஜப்பானின் வளர்ப்பு முத்துக்களும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து குடாவின் முத்து வணிகத்தை முடித்து வைத்தன. சில ஆண்டுகளில் எண்ணெய் வந்தது. 1970களிலிருந்து பயணத்தின் திசை மாறியது. அன்று அவர்கள் எமது கடலுக்குப் பருவகால வேலைக்கு வந்தார்கள். இன்று நாம் அவர்களுடைய கரைக்கு வருகின்றோம்.

தம்பி சற்று நேரம் பேசாமலிருந்து, "அப்ப அவையளும் எங்கட ஊரில இருந்து வீட்டுக்குக் கடதாசி போட்டிருப்பினம், என்ன?" என்று கேட்டான்.

குடும்ப வாசல்

நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் அடைபட்டுத் தெரு வெறிச்சோடியது. தொழுகை முடிந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் அதே தெரு நிரம்பி வழிந்தது. தொழிலாளர் முகாம்களிலிருந்து பேருந்துகள் வந்து இறக்கிவிட்டுச் செல்ல, கேரளத்தவர், வங்காளிகள், நேபாளிகள், பாகிஸ்தானியர், பிலிப்பினோக்கள் என ஒவ்வொரு மூலையிலும் ஒரு நாடு கூடிற்று. பணம் அனுப்பும் நிலையத்தின் முன்னாலுள்ள மர நிழல் தமிழருக்குரியது. கீழக்கரை, நாகர்கோவில், மட்டக்களப்பு, புத்தளம் என்று ஊர்ப் பெயர்கள் காற்றில் மிதந்தன. ஊரில் ஒருவரையொருவர் சந்தித்திருக்கவே முடியாதவர்கள் இங்கு ஒரே சுலைமானித் தேநீரை இரண்டாகப் பகிர்ந்து குடிப்பதைக் கண்டோம்.

மதிய உணவுக்குக் கப்சா. நீள அரிசிச் சோற்றை இறைச்சியின் சாற்றில் வேகவைத்து, ஏலம், கறுவா, உலர்ந்த எலுமிச்சை வாசனையுடன் பெரிய தட்டில் கொட்டி, அதன்மேல் ஆட்டிறைச்சியை வைத்துத் தருகின்றனர். தட்டைச் சுற்றி நிலத்தில் அமர்ந்து கையால் உண்பதே முறை. பரிஸில் பிறந்து முள்ளுக் கரண்டியுடன் வளர்ந்த மகள், அன்று சித்தப்பாவைப் பார்த்துச் சோற்றைத் திரட்டி உண்ணப் பழகினாள்.

அந்த உணவகத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. முன்னர் சவூதி உணவகங்களில் குடும்பத்தினருக்கு ஒரு வாசலும் தனி ஆண்களுக்கு ஒரு வாசலும் கட்டாயம். 2019 டிசெம்பரில் அந்த விதி நீக்கப்பட்டது. ஆயினும் பழைய கட்டடங்களில் வாசல்கள் அப்படியே உள்ளன. நாம் குடும்ப வாசலால் உள்ளே நுழைந்தபோது தம்பி பின்தங்கி நின்றுவிட்டான். என்னவென்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லை, அண்ணை. இந்தப் பக்கத்தால நான் ஒருநாளும் போனதில்லை" என்றான்.

அவனுக்கும் ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கின்றார்கள். ஆனால் அவனுடைய தொழில் வகையில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள இடமில்லை. அனுமதியுள்ள தொழில்களில் இருந்தோரும் 2017இல் தங்கிவாழ்வோர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம் 2020இல் 400 ரியாலாக உயர்ந்தபோது, மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியராயினர். இந்த நகரில் நாம் கண்ட ஆண்களுள் பெரும்பாலோர் தகப்பன்மார். தெருவில் அவர்களைப் பார்த்தால் அது தெரியாது.

எமது தாயார் 2014ஆம் ஆண்டு காலமானார். நாம் இறுதிக் கிரியைகளைத் தொலைபேசித் திரையில் பார்த்தோம். தம்பி ஊருக்குப் போயிருப்பான் என்றே நாம் அக்காலத்தில் ஆறுதல் கொண்டிருந்தோம். அவன் அப்போது வேலை செய்த இடத்தில் வெளியேறும் அனுமதி கிடைக்க நான்கு நாட்கள் சென்றன என்பதையும், அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்பதையும் அந்தக் கப்சாத் தட்டின் முன்னால் இருந்துதான் முதன்முறையாக அறிந்தோம். 2021 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வந்த தொழிற் சீர்திருத்தம், தனியார் துறைத் தொழிலாளர் பலருக்கு முதலாளியின் சம்மதமின்றியே வெளியேறவும் மீளவரவும் வழி செய்துள்ளது. வீட்டுப் பணியாளர், சாரதிகள் போன்றோர் அதில் அடங்கவில்லை. அவனுக்கு அது ஏழு வருடம் பிந்தி வந்தது.

படம் பிடிக்க முடியாத கோபுரங்கள்

மாலையில் ஃபனாத்தீர் கடற்கரை. கைத்தொழில் நகரின் குடியிருப்புப் பகுதியில் அமைந்த இக்கடற்கரை நேர்த்தியானது. ஈச்ச மரங்கள், நடைபாதை, புற்றரை, பட்டம் விடும் சிறுவர்கள். ஜனவரி மாதத்துக் காற்றில் மெல்லிய குளிர் இருந்தது. இதே இடத்தில் கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும். ஜூன் 15 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாதென்பது சட்டம். காலை பதினொரு மணிக்கு இரும்புக் குழாயைத் தொட்டால் எப்படி இருக்கும் என்பதைத் தம்பியின் உள்ளங்கைகள் காட்டின.

இருட்டியதும் வாடகை வாகனத்தில் ஏறி, ஆலைகளை அண்டிச் செல்லும் பெருந்தெருவால் ஒரு தடவை போய் வருவோம் என்றான். இதற்காகத்தான் எம்மை இங்கு அழைத்திருக்கின்றான் என்பது அப்போதுதான் எமக்கு விளங்கியது. தொடுவானம் முழுவதும் விளக்குகள். ஒன்றன் மேலொன்றாக அடுக்கிய வெள்ளை விளக்குகளுடன் இரும்புக் கோபுரங்கள் நின்றன. அவற்றுக்கு மேலே மேலதிக வாயுவை எரிக்கும் குழாய்களின் செந்தீ காற்றில் சாய்ந்து ஆடிற்று. எவரும் விளக்கம் சொல்லாமல் பார்த்தால், திருவிழாக் காலத்து நகரமொன்றைத் தூரத்திலிருந்து பார்ப்பது போலவே இருக்கும்.

"அண்ணை, அந்த மூண்டாவது கோபுரம் தெரியுதே? இரண்டு விளக்கு மினுங்குது. அதுக்கு அடியில இருந்து உச்சி மட்டும் நாங்கள்தான் சாரம் கட்டினனாங்கள். உச்சியில நிண்டு பார்த்தால் கடல் தெரியும்."

மகள் தொலைபேசியைக் கையிலெடுத்தாள். தம்பி அவசரமாகத் தடுத்தான். ஆலைகளைப் படம் பிடிப்பது இங்கே தடை.

எமக்கு ஐஃபில் கோபுரம் நினைவுக்கு வந்தது. 1889இல் திறக்கப்பட்ட அந்த இரும்புக் கோபுரத்தின் முதற் தளத்துக்குக் கீழே, பிரெஞ்சு அறிவியலாளர், பொறியியலாளர் 72 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இரும்புத் துண்டுகளை உயரத்தில் நின்று பொருத்தி, ஆணி அறைந்த தொழிலாளரின் பெயர்கள் அந்த வரிசையில் இல்லை. எனினும் அந்தக் கோபுரத்தின் முன் நின்று எவரும் படம் பிடிக்கலாம். யார் கட்டியதென்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தம்பியின் வேலையோ சாரம். கோபுரம் எழும்பும்வரை சாரம் நிற்கும். வேலை முடிந்ததும் அதைக் கட்டியவர்களே கழற்றி அடுக்கிவிடுவார்கள். பதினெட்டு வருடங்களாக அவன் கட்டியவற்றுள் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. அவற்றில் ஏறி நின்று மற்றவர்கள் கட்டியவை மட்டும் நிற்கின்றன.

படம் பிடிக்க முடியாததால், வாகனத்தை மெதுவாக ஓட்டச் சொல்லி இரண்டு தடவைகள் அந்தத் தெருவால் போய்வந்தோம்.

இரவு: ஷவர்மாவின் வழி

இரவு ஒன்பது மணிக்குப் பழைய நகரம் மீண்டும் உயிர்பெற்றது. ஒரு கடையில் முதப்பக்: மாவைத் துணியைப் போல வீசி மெல்லியதாக்கி, முட்டையும் கொத்திறைச்சியும் வெங்காயத் தாளும் வைத்து நான்காக மடித்துத் தட்டையான இரும்புக் கல்லில் பொரித்தெடுக்கின்றனர். முதப்பக் என்றால் மடிக்கப்பட்டது என்று பொருள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ் முஸ்லிம்களின் கடைகளில் முர்த்தபாக் என்று விற்பதும் இதுவே. பக்கத்துக் கடையில் ஷவர்மா. செங்குத்துக் கம்பியில் சுழலும் கோழியிறைச்சியைச் சீவி, குபூஸ் ரொட்டியில் உள்ளிப் பசையும் ஊறுகாயும் பொரித்த உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுருட்டித் தருகின்றனர்.

மகள் ஒரு வாய் உண்டதும், "அப்பா, இது எங்கட கிரெக் தானே!" என்றாள். பரிஸில் இளையோர் நள்ளிரவில் வாங்கி உண்ணும் கெபாப்பைக் கிரேக்கச் சான்ட்விச் என்றுதான் அழைப்பார்கள். ஷவர்மா என்னும் அரபுச் சொல், சுழற்றுவதைக் குறிக்கும் துருக்கிச் சொல்லொன்றிலிருந்து வந்தது. ஜெர்மனியில் இதன் உடன்பிறப்பான டோனர் கெபாப் இல்லாத நகரம் இல்லை. அது அங்கு வந்த வரலாறு எம்மவர் அறியவேண்டியது.

1961 ஒக்டோபரில் ஜெர்மனி துருக்கியுடன் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது. வந்தவர்களை விருந்தினர் தொழிலாளர் என்றே அழைத்தனர்; இரண்டு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை புதிய ஆட்களைப் பழக்குவது ஆலை முதலாளிகளுக்கே நட்டமாயிற்று. 1964இல் அந்தக் கால எல்லை நீக்கப்பட்டது. தொழிலாளர்கள் தங்கினர், குடும்பங்கள் வந்து சேர்ந்தன, 1970களில் பெர்லின் தெருக்களில் கெபாப் கடைகள் தோன்றின. இன்று ஐரோப்பாவுக்கு விடுமுறையில் செல்வோர் அந்நகரின் தெரு உணவு என்று தேடி உண்பது, திரும்பிப் போயிருக்க வேண்டிய ஒருவர் தங்கிவிட்டதனால் வந்த உணவையே. லா சப்பலில் எமது கொத்துரொட்டிக்கும் கதை அதுதான். அங்கு கடை போட்டவர்கள், அகதி அலுவலகத்தின் முடிவுக்காக வருடக் கணக்கில் காத்திருந்தவர்கள்.

ஜுபைலின் தெருக்களிலும் ஆப்கானிய ரொட்டி உண்டு, கேரளத்துப் பொரோட்டா உண்டு, தமிழரின் தோசை உண்டு. உணவு தங்கிவிட்டது. அதைச் சுட்டவர்கள் தங்கவில்லை. ஒருவர் ஒப்பந்தம் முடிந்து போக, அதே கல்லின் முன் இன்னொருவர் வந்து நிற்கின்றார். 2019ஆம் ஆண்டு அறிமுகமான நிரந்தர வதிவிட அனுமதிக்குக் கட்டணம் 8 இலட்சம் ரியால். அந்தத் தொகையை நாம் சொன்னபோது தம்பி சுருட்டிய ரொட்டியை வாயருகே வைத்தபடி சிரித்தான்.

அகதியாக வந்த எமக்குத் தங்க இடம் கிடைத்தது. திரும்பும் வழி அடைபட்டது. தொழிலாளியாகப் போன அவனுக்குத் திரும்பும் வழி எப்போதும் திறந்திருக்கின்றது, தங்க இடமில்லை. இருவரும் ஒரே வீட்டின் ஒரே வாசலால்தான் வெளியே வந்தோம். ஐரோப்பாவில் இருக்கும் நாம், வளைகுடாவில் இருப்பவர்களை ஏதோ ஊருக்கு அருகில் இருப்பவர்களைப் போலவும், கொடுத்து வைத்தவர்களைப் போலவும் எண்ணிவிடுகின்றோம். அவர்கள் எம்மைப் பற்றி எண்ணுவதும் அவ்வாறே. அந்த ஒரு வெள்ளிக்கிழமை இந்தத் தப்பெண்ணத்தை எமக்குத் தீர்த்து வைத்தது.

செல்ல விரும்புவோர்க்கு

ஐரோப்பிய நாட்டுக் கடவுச்சீட்டு உடையோர் 2019 செப்டெம்பர் முதல் சவூதிக்கான சுற்றுலா விசாவை இணையம் வழியாகவே பெறலாம். அகதிப் பயண ஆவணம் மட்டுமே உடையோர் விமானச் சீட்டு வாங்குமுன் தூதரகத்தில் விசாரித்தறிவது அவசியம். டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரையான காலம் உகந்தது. முகாம்களில் வெளியார் தங்க இயலாது; பழைய நகரில் விடுதி எடுத்துக்கொள்வதே வசதி. உறவினரின் ஓய்வு நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, அது நடுவில் வருமாறு பயணத்தை ஒழுங்கு செய்யுங்கள். மேலதிக வேலை வந்தால் அந்த ஒரு நாளும் போய்விடும் என்பதால், இரண்டு வெள்ளிக்கிழமைகள் கிடைக்குமாறு செல்வது நல்லது.

எமக்கு ஒன்றுதான் கிடைத்தது. சனிக்கிழமை காலை நான்கு மணிக்குத் தம்பி வேலைக்குப் போய்விட்டான். நாம் விமான நிலையம் புறப்பட்டபோது, விடுதி வரவேற்பாளர் கடதாசிப் பை ஒன்றை எம்மிடம் தந்தார். உள்ளே இரவு சுட்ட தமீஸ் ஒன்றும், பச்சை மிளகாய்ப் பொட்டலம் ஒன்றும் இருந்தன.